மூன்றாம் துளையின் கடைசி ஒரு சாண்

மார்ச் 4
மண் சோதனைக்கான இரண்டாம் துளை முடிந்தது. வழக்கமான கலவைதான்: கருப்புக் களிமண், நடுநடுவே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கற்கள். ஒரு காலத்தில் கடலடித் தரை இந்த நிலத்துக்கு அடியில் நுழைந்தபோது சுரண்டி, நசுக்கி, கலந்துவிட்ட சரக்கு. எட்டு வருஷமாக இதைத்தான் படிக்கிறேன். இந்தச் சரிவில் குழந்தைகள் ஆஸ்பத்திரி வரப்போகிறது. தூண்களை எந்த ஆழத்தில் நிறுத்தலாம் என்று நான் சொல்ல வேண்டும். "பூமி மென்னு துப்பினதை உக்காந்து எண்ணிட்டிருக்கே" என்றார் என் வீட்டுக்காரர். தப்பில்லை.

மார்ச் 6
மூன்றாம் துளை. பதினாலு மீட்டரில் பச்சைப்பாறை. நல்ல கெட்டி. மேலும் மூன்று மீட்டர் இறங்கினோம், ஒரு விரிசல் இல்லை. கடைசிக் குழாயின் நுனியில் மட்டும் ஒரு சாண் கருப்புச் சேறு. துளையிடும்போது இயந்திரம் உள்ளே விடுகிற சேறுதான், கழுவிவிடுங்கள் என்றேன். துளைபோடுகிறவர் தலையைச் சொறிந்தார்.
"இன்னும் கொஞ்சம் போட்டுப் பாக்கலாமா, மேடம்?"
"போதும்ணே. மணி அஞ்சாச்சு."
'அடிப்பாறை' என்று எழுதினேன்.

மார்ச் 9
அறிக்கை போய்விட்டது. என் கையெழுத்து, அதற்குக் கீழே என் மேலதிகாரி சாருடையது.

ஏப்ரல் 19
சரிவின் கீழே பாதைக்காக வெட்டியிருக்கிறார்கள். வெட்டில் அதே பச்சைப்பாறை, லாரி அளவு. அதற்கு அடியில் கையை விட்டேன். களிமண். கருப்பு, செதில் செதிலாக உரிகிறது. பாறை எதன் மேலும் உட்காரவில்லை. களிமண்ணுக்குள் கிடக்கிறது, அவ்வளவுதான்.
எங்கள் இயந்திரத்துச் சேறு சாம்பல் நிறம். என்றைக்குக் கருப்பாக இருந்தது? எனக்குத் தெரியாதா?
'கெட்டிக் கல்லை நம்பாதே, துளைத்து மறுபக்கம் வா' என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஏப்ரல் 20
சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.
"திங்கக்கிழமை கான்கிரீட் போடறாங்க. கழுவின சேத்துக்கு என்ன சாட்சி? நீயா வாயைத் திறந்தாத்தான் உண்டு. ஒருவேளை நிக்கும்மா."
ஒருவேளை. ஆஸ்பத்திரி கட்டுகிற வார்த்தையா இது?
வீட்டில் சொன்னால், "எழுதிக் குடுத்துடு" என்கிறார். அவருக்கென்ன, சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டார். வேலை போனா? நாளைக்கு எவன் என்னை நம்புவான்? — பயமா இருக்கு.

ஏப்ரல் 21
ஆஸ்பத்திரி கட்டுகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். நாலு வரி.

ஏப்ரல் 26
கான்கிரீட்டை நிறுத்திவைத்துவிட்டார்கள். பழைய துளைக்கு இரண்டடி தள்ளி மறுபடி போட்டோம். பச்சைப்பாறை பதினேழாவது மீட்டரில் முடிந்தது. அப்புறம் பதினோரு மீட்டர் இறங்கியும் களிமண்தான்.
"அன்னிக்கே சொல்ல வாயெடுத்தேன், மேடம். இவ்ளோ படிச்சவங்க, தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் துளைபோடுகிறவர்.
மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வண்டிக்குப் பின்னால் போய் அழுதேன்.

மே 3
ஆஸ்பத்திரியை வேறு சரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வருஷம் தாமதம். அறிக்கைகளில் இனி நான் கையெழுத்துப் போடக்கூடாதாம். நியாயம்தான். சார் என்னோடு பேசுவதில்லை, சீட்டு எழுதி அனுப்புகிறார்.
ஆனால் இதே கையால் இதுவரை எத்தனை 'அடிப்பாறை' எழுதியிருக்கிறேன்? பழைய குறிப்பேடுகளை இறக்கினேன். ஆறு இடங்களில் பாறைக்குள் மூன்று மீட்டரோடு நிறுத்தியிருக்கிறேன். ஐந்தில் இன்னும் ஒன்றும் கட்டவில்லை. ஆறாவதில் ஒரு பள்ளிக்கூடம், மூன்று மாடி.

மே 17
நான் எழுதிக் கேட்டபடி, அந்தப் பள்ளி மைதானத்தில் இயந்திரத்தை இறக்கினோம். அனுமதித் தாளில் 'வழக்கமான சோதனை' என்று சார் எழுதியிருந்தார். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டுச் சிரித்தபடி வந்தார்.
"சும்மா வழக்கமா பண்றதுதானே, மேடம்?"
"இல்லைங்க. இங்க பாறை இருக்குன்னு நான்தான் எழுதினேன். தப்பா எழுதியிருக்கலாம். தெரியற வரைக்கும் பிள்ளைங்களை உள்ள வெச்சிருக்காதீங்க."
அவர் உள்ளே போய் மணியை அடித்தார்.