தெருவுக்கு ஒரு வரி

ஜூன் 8, ஞாயிறு
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கேஸ் புக் பண்ணும்போது போனில் பேசுகிற பெண்ணிடம் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அது மெஷின் என்று எனக்குத் தெரியாதா என்ன? "ஒன்றை அழுத்தவும்" என்றாள். அழுத்தினேன். இன்று முழுக்க என்னிடம் பேசியது அவள் ஒருத்திதான்.

கல்யாண மண்டபத்தில் சமையல் வேலை இருந்தால் ஊரையே கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பேன். முகூர்த்தம் இல்லாத நாளில் விழுப்புரத்தில் இந்த ஒற்றை அறை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். வாடகை போதும், திண்டிவனத்தில் சொந்த வீடு பார் என்கிறான் ஓசூரில் இருக்கிற மகன் சுதாகர்.

ஜூன் 15, ஞாயிறு
புரோக்கர் பச்சைமுத்து இரண்டு வீடு காட்டினார். அளவு ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று. ஒன்று ஊரைத் தாண்டி, பஞ்சாயத்தில், புது மனைப்பிரிவு. மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவே, வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிவிட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். மொத்தம் மூன்று வீடு, இரண்டில் பூட்டு. இன்னொன்று கொஞ்சம் பழசு. நகராட்சிக்குள், சுவரோடு சுவர் ஒட்டின தெரு. வரி ரசீதைப் பார்த்தால் இதற்கு மூன்று மடங்கு!

"இன்னா பச்சைமுத்து, இதுக்கு மட்டும் தங்கத்துல கதவா?"

ஜூன் 16, திங்கள்
இரண்டு ரசீதையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். சுதாகர் உடனே கூப்பிட்டான். உடனே கூப்பிட்டானே என்று சந்தோஷப்பட்டேன்.

"யம்மா, நகராட்சி ரசீது அரை வருஷத்துக்கு. வருஷத்துல ரெண்டு வாட்டி கட்டணும். பஞ்சாயத்து ரசீதுதான் முழு வருஷத்துக்கு."

அப்போ ஆறு மடங்கு. பஞ்சாயத்து வீட்டையே முடி என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

ஜூன் 23, திங்கள்
நகராட்சி ஆபீசில் கேட்டேன். ஒரே அளவு வீட்டுக்கு ஏன் சார் வேற வேற வரி?

"அது பஞ்சாயத்தும்மா, அவங்க கணக்கு வேற. இங்கயே தெருவுக்குத் தெரு சதுர அடி ரேட்டு மாறும். தார் ரோடு, கொழா தண்ணி, கடைத்தெரு கிட்டவா — எல்லாம் பாத்து ஏரியா பிரிச்சிருக்கு."

"பக்கத்து வீட்டுக்காரங்க நல்லவங்களா இருந்தா அதுக்கும் உண்டா?"

"அதுக்கு ஃபாரம் இல்லம்மா."

ஜூன் 29, ஞாயிறு
தனியாகப் போனேன். மனைப்பிரிவில் அரை மணி நேரம் நின்றேன். ஒரு நாய் வந்து பார்த்தது. அதற்கும் வேலை இருந்தது போல, போய்விட்டது.

பிறகு அந்த நகராட்சித் தெரு. கையில் நோட்டு, கண்ணில் கண்ணாடி. "உங்க வீட்டுக்கு வரி எவ்ளோங்க?" என்றதும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. வரி ஏற்ற வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். நான் பார்க்கிற வீட்டுக்குப் பக்கத்து வீடு, ஆரோக்கியசெல்வி மட்டும் சண்டைக்கு வந்தாள்.

"மாடில இருக்கறது ரூம் இல்ல, கோழி அடைக்கிற கொட்டாய்! அதையும் அளந்துக்கினு போவியா?"

"கோழி வாடகை தருதாக்கா?" என்றேன். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டை வாங்கப் பார்க்கிறவள் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு ரசீதைக் காட்டினாள். வரித்தொகை, வரி நம்பர் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். பேர் கேட்டாள், கொளஞ்சி என்றேன். கேப்பைக் கூழ் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் திட்டினாள். மூன்று வருஷமாக என்னை யாரும் இப்படித் திட்டவில்லை.

ஜூலை 2, புதன்
அந்தத் தெரு வீட்டையே வாங்குகிறேன் என்று போனில் சொன்னேன்.

"தெரிஞ்சே வரி அதிகமா இருக்கற எடத்துல வாங்குவாங்களாம்மா?" — சுதாகர்.

தண்ணீர், தெருவிளக்கு என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். மீதியை எப்படிச் சொல்றது? அவன் எப்பவும் ஜல்தியிலயே இருக்கான். "உன் இஷ்டம்" என்றான். கோபமா, சலிப்பா — தெரியலையே.

செப்டம்பர் 4, வியாழன்
பால் காய்ச்சினேன். சுதாகருக்கு லீவு இல்லை. போனில் காட்டினேன், பொங்குகிற நேரம் கட் ஆகிவிட்டது.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியசெல்வி இருமினாள். நானும் இருமினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்
முதல் வரி கட்டப் போனேன். கண்ணாடி எடுத்துப் போகவில்லை. கவுன்டரில் இருந்தவர் வரி நம்பர் கேட்டார். நோட்டைத் தூரமாகப் பிடித்து வாசித்தேன்.

"ஆரோக்கியசெல்வியா?"

"ஆமாங்க, பக்கத்து வீடுதான். நல்ல மனுஷி" என்றேன். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ரசீதில் அவள் பேர். ரசீதை அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். "கோழிக் கொட்டாய்க்கும் சேத்துதான கட்டுன, கொளஞ்சி?" என்று கேட்டாள். என் வீட்டு வரி அப்படியே பாக்கி.