அரிசி விற்றவன் கேட்ட ரேஷன் கடை

மச்சான்,

இன்று காலை எங்கள் வீட்டில் ரேஷன் அரிசி மூட்டையைப் பிரித்தார்கள். தையல் நூலை உருவியதும் பழைய அரிசி வாசம் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. அந்த வாசம் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். புழு அரிசி, கல் அரிசி என்று உன் கடையில் உட்கார்ந்து எத்தனை தடவை மூக்கைச் சுளித்திருப்பேன். இன்று கிட்டே போய் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதை உன்னிடம் சொல்லி நீ சிரிப்பதைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

நீ இருந்த நாளில் நம் சின்ன யூனியன் பிரதேசத்தில் ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. அரிசிக்குப் பதிலாகப் பெண்களின் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். எனக்கு அது சரியென்று பட்டது. செல்லிப்பட்டில் நெல்லும் கரும்பும் போடுகிற எனக்கு, எடைபோடுகிறவன் கையில் அரிசி எப்படிக் குறையும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பணம் என்றால் நேராக வந்து சேர்கிறது, இடையில் கை வைக்க ஆளில்லை என்பது என் கட்சி. நீ அதற்கு எதிர்க்கட்சி. ஓட்டுப் போடுவதிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேர், விரலில் மை வைத்த நாளிலிருந்து ஒருமுறைகூட ஒரே சின்னத்தில் குத்தியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவன் நீ. ரேஷன் பூட்டியதால் உன் கடையில்தான் அரிசி ஓடியது. அப்படிப்பட்டவன் எல்லாரும் படிக்கிற மாதிரி போனில் ஒரு பக்கம் தொடங்கி, ரேஷனைத் திறக்கச் சொல்லி டில்லிக்கு எழுத ஆரம்பித்தாய். தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறவனை அன்றுதான் பார்த்தேன்.

"டில்லியில உன் பேச்ச எவன் கேப்பான்? மக்களவையில நமக்கு ஒரே ஒரு சீட்டு."

"நம்ம ஆளு ஒருத்தரு. மத்தவங்களும் நம்ம ஆளுதான்னு வச்சிக்குவோம், இன்னா போவுது?"

வைத்துக்கொண்டாய். நாம் ஓட்டே போடாத எம்.பி.க்களுக்கெல்லாம் எழுதினாய். ராஜஸ்தானத்துக்காரர், அசாம்காரர் என்று யாரையும் விடவில்லை. திருவாண்டார்கோயில் கம்பெனியில் வேலை செய்கிற பீகார்காரர் ஒருவர் உன் கடையில் கோதுமை மாவு வாங்குவார். அவரைப் பிடித்து உட்காரவைத்து, நீ தமிழில் சொல்ல, அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டுக்கொண்டு இந்தியில் எழுத, அங்கே போய்ச் சேர்ந்தது என்னவென்று ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஆனால் ஒன்று. எதையும் எனக்குப் படித்துக் காட்டாமல் நீ போட்டதில்லை. மதியத் தொழுகை முடிந்து வந்து, கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் கண்ணாடியை மாட்டிக்கொள்வாய். உன்னை மெச்சுகிற ஆட்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களிடம் படிக்கமாட்டாய். எனக்காகக் காத்திருப்பாய்.

"நீ ஒத்துக்க வேணாம் மச்சான். எங்க கோவம் வருதோ அங்க நிறுத்து. பொய்ய பாத்து கோவம் வருதா, நெசத்த பாத்து வருதான்னு ரெண்டு பேரும் பாப்போம். பொய்யின்னா அடிச்சிடறேன். நெசம்னா நீ கோவிச்சிக்கோ, நான் போட்டுர்றேன்."

எத்தனை வரியை அப்படி அடித்திருக்கிறாய். "மக்கள் பட்டினி கிடக்கிறார்கள்" என்று ஒருமுறை எழுதியிருந்தாய். எனக்குச் சுர்ரென்று வந்தது. எந்த மக்கள், எந்தத் தெரு, பேரைச் சொல் என்று எகிறினேன். நீ யோசித்துவிட்டு, "பட்டினின்னு சொல்ல முடியாது. பணம் வர்ற மாசம் மூட்டை, வராத மாசம் அரைக்கிலோ. அதான் நான் பாத்தது" என்றாய். அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்ததை மட்டும் போட்டாய்.

உன்னை வம்பில் மாட்டிவிட்டதும் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை நீண்ட மடல் ஒன்றைப் படித்தாய். நன்றாகவே இருந்தது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. எங்கே என்று கேட்டாய்.

"எங்கயும் இல்ல. நீ அரிசி விக்கறவன்னு எங்கயுமே இல்ல. அதான் கோவம். ரேஷன் தொறந்தா உனக்குத்தான நஷ்டம்? அத்த ஏன் மறைக்கிற?"

"தற்பெரும மாதிரி ஆயிடும்டா."

"ஆவட்டும். சொல்லாம வுட்டா அதுவும் பொய்தான்."

ஒரு கிழவிக்குச் சீயக்காய் கொடுத்து அனுப்பினாய். பிறகு போனில் ஒற்றை விரலால் தட்டினாய். "நான் அரிசி வியாபாரி. ரேஷன் பூட்டியதில் எனக்கு லாபம். என் கல்லாவுக்கு முன்னால் நின்று சில்லறையை எண்ணுகிற முகங்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். திறங்கள்."

அந்த மடல்தான் ஊர் ஊராகப் போனது. எங்கேயோ வடக்கே ஒரு கிராமத்துப் பெண்மணி, எங்களுக்கும் இதே கதைதான் என்று எழுதியிருந்ததைப் பீகார்காரர் படித்துக் காட்டியபோது உனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே அரிசி மண்டி முதலாளி உன் கடைப்படி ஏறினார். கடைத்தெருவில் பெரிய மனிதர். உனக்கு மூட்டை போடுகிறவரும் அவர்தான்.

"யாவாரி யாவாரத்த பாருபா. எங்க எல்லார் வயித்துலயும் அடிக்காத. அழிச்சிடு."

"பொய்யின்னு ஒரு வரிய காட்டு மொதலாளி. இப்பவே அழிக்கறேன்."

அவர் காட்டவில்லை. மூட்டையை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு நீ கடலூர் போய்ச் சரக்கு எடுத்து வந்தாய். முதுகு வலியோடு பேருந்தில் போய் வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறுவதில்லை. நிறுத்தித் தொலையேன்டா என்று நானே கெஞ்சினேன். "உனக்கு பதில் சொல்ல முடியாத அன்னிக்கி நிறுத்தறேன்" என்றாய். உன் நெஞ்சுதான் முதலில் நின்றது. ஒரு வேனிற்கால விடியலில், தொழுகைக்கு எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். ரேஷன் கடைகள் மறுபடி திறந்தது அதற்குப் பிறகு.

திறந்த மறுவாரம் உன் கடைக்குப் போனேன். உன் மனைவிதான், அந்தத் தங்கச்சிதான் இப்போது கல்லாவில் உட்காருகிறது. அரிசி மூட்டைகள் போன மாதம் அடுக்கிய மாதிரியே இருந்தன.

"அவரு கேட்டது வந்துச்சிண்ணா. அரிசி யாவாரமும் படுத்துச்சி. அவரு இருந்திருந்தா ரெண்டயும்தான் எழுதியிருப்பாரு" என்று உன் போனை எடுத்து நீட்டியது. "அவரு எழுதிட்டிருந்த பக்கத்துல நீங்களே எழுதிப் போடுங்கண்ணா. தினம் சண்ட போட்டவரு நீங்கதான்."

எழுதினேன். ஏர் பிடித்த கைக்கு அந்தச் சின்ன எழுத்துகள் அடங்கவே இல்லை. எழுதி முடித்தபின் யாரிடம் படித்துக் காட்டுவது என்று திகைத்தேன். உன்னைப் பாராட்டுகிறவர்களிடம் படிக்க உன் வழக்கம் இடம் கொடுக்கவில்லை. நேராக மண்டிக்குப் போய், எங்கே கோபம் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள் என்று உன் வழக்கத்தைச் சொன்னேன். முதலாளி கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, படி என்றார்.

"இவன் எழுதியதால்தான் ரேஷன் கடை திறந்தது" என்று படித்தபோது கையை உயர்த்தினார்.

"இவன் எழுதித்தான் தொறந்தாங்களா? ஓட்டுக்கு தொறந்தாங்க. எத்தினி பேரு கேட்டாங்க, எத்தினி பொம்பளைங்க ரோட்டுல குந்துனாங்க. உனக்கு தெரியுமா இவனாலதான்னு?"

தெரியாது, மச்சான். உன் மடலை டில்லியில் ஒருத்தராவது படித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதியிருந்தேன், உன்மேல் இருந்த பாசத்தில். அடித்துவிட்டேன்.

அடுத்த வரியைப் படித்தேன். "திறந்தால் தன் வியாபாரம் போகும் என்று தெரிந்தே கேட்டான். எங்கள் கடைத்தெருவில் வேறு எந்த அரிசி வியாபாரியும் அதைக் கேட்கவில்லை."

அவர் முகம் சிவந்தது. இதற்கும் கை உயரும் என்று காத்திருந்தேன். மேசைமேல் சிந்திக் கிடந்த சாம்பிள் அரிசியை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"கோவம் வருது" என்றார். "அந்த வரி இருக்கட்டும். போட்டுக்கோ."