கண்ணாடியைக் கழற்றினேன்

திண்டிவனம், வியாழக்கிழமை.

எழுத வேண்டியவை: 1. கூட்டேரிப்பட்டில் நடந்தது. 2. அதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்பது. 3. என்னால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பது.

காலையில் நான் போன விழுப்புரம் பஸ்ஸை அங்கே நிறுத்தி ஒரு போலீஸ்காரர் ஏறினார். ஒவ்வொருவர் முகத்தையும் செல்போனில் படம் பிடித்தார். பழைய குற்றவாளியென்றால் போனே காட்டிவிடுமாம். அவர் கேட்கும் முன்பே நான் கண்ணாடியைக் கழற்றி முகத்தை நிமிர்த்தினேன். முப்பது வருடம் அரசியல் சட்டம் பாடம் நடத்தியவன்.

பக்கத்தில் சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு கூலித் தொழிலாளி. மனைவி விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் வாத்தியாராக இருந்தவன் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"நான் இன்னா சார் பண்ணேன்? எதுக்கு போட்டோ?"

"இந்தப் பெரியவரு சொல்லாமயே காட்டினாரு. உனக்கு இன்னாடா பேஜாரு? எறங்கு!"

தொழிலாளி என்னிடம் திரும்பினார். "நீங்க வாத்தியாராச்சே, சொல்லுங்க சார். காரணம் கேக்கக்கூடாதா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரை இறக்கிவிட்டு பஸ் கிளம்பியது. விட்டுப்போன கேரியரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். பெயர் கேட்டு வைக்காததால் யாரிடமும் கொடுக்க முடியவில்லை.

இரண்டாவதற்கு, சட்டத்தில் இடமில்லை என்றுதான் நினைக்கிறேன். பஸ்ஸில் சொல்லாததை இங்கே எழுதி என்ன பயன்?

மூன்றாவதாக எழுதியது தவறு. அவரை இறக்குவதற்குப் போலீஸ்காரர் சொன்ன ஒரே காரணம் நான்தான்.