யூமெய்யின் எழுபத்தொரு ஓட்டங்கள்

மார்ச் 3, திங்கள்

பனி கரைந்து ரோட்டெல்லாம் சேறு. பஸ் இருபது நிமிடம் பிந்தியது. சப்பாத்துக்குள் தண்ணீர். காலை முழுக்க ஈரக் காலுறையோடு படிப்பித்தேன்.

இந்த வாரச் சொல்: ரன். மூன்றாம் லெவல் இங்கிலீஷ் வகுப்பு, பதினொரு பேர், எல்லோரும் சீனர், எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள். பலகையில் எழுதியவை:

– கால் ஓடுவது
– மூக்கு ஓடுவது
– பஸ் ஓடுவது
– குழாயில் தண்ணீர் ஓடுவது
– கடை நடத்துவது
– பால் முடிந்துபோவது
– துவைக்கும்போது சாயம் போவது
– வழியில் தற்செயலாக ஒருவரைக் காண்பது
– தேர்தல் (நாங்கள் நிற்போம், இங்கே ஓடுவார்கள்)

முதல் நாலும் தமிழிலும் ஓட்டம்தான். எனக்குக் கஷ்டப்படாமல் கிடைத்தவை. சீனத்தில் காலுக்கு ஒரு சொல், மூக்குக்கு வேறு சொல், மெஷினுக்கு வேறு. இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாது. ஏன் இப்படி முழிக்கிறார்கள் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டதுதான் மிச்சம். நான் மட்டும் என்ன திறம்? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பக்டரி சுப்பவைசரிடம், கார் ஓடிக்கொண்டு வந்தேன் என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்ல, அந்த மனிசன் குனிந்து என் காலைப் பார்த்தான்.

யூமெய் கை தூக்கினாள். "ரீச்சர், பால் எங்க ஓடினது?" வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

யூமெய் (யூ.): வயது 56. விடிய நாலு மணிக்கு பேக்கரியில் மா குழைக்கத் தொடங்கி, ஒன்பதரைக்கு வகுப்புக்கு வருகிறவள். மகன் யூனியன்வில்லில். வேலையை விட்டுவிட்டு வந்து என் பிள்ளைகளைப் பாருங்கள் என்று அவன் நெருக்குகிறான். இவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை செய்யப் படிக்க ஆசை. கோர்ஸ் ஏப்ரலில். நாலாம் லெவலுக்கு ஏறிய சேர்ட்டிபிகேற்றை மார்ச் 28க்குள் கொடுக்க வேண்டும். சோதனை இந்த வியாழன். பாஸ் பண்ணுவாள், சந்தேகமே இல்லை.

வாங்க வேண்டியவை: முட்டை, வெண்காயம், என் கணவரின் பிரஷர் குளிசை.

மார்ச் 5, புதன்

திரும்பவும் குளிர். நடைபாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ்.

இடைவேளையில் கோடினேற்றர் ஷெறில் கூப்பிட்டாள். மாத முடிவில் வகுப்புப் பதிவு இடாப்பில் பத்துப் பேர் இல்லாவிட்டால் வகுப்பை மூடுவார்களாம். மேலிடத்து உத்தரவாம். எனக்குத் தர வேறு வகுப்பும் இல்லையாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, பாவம்.

இருந்து எண்ணினேன். பதினொரு பேரில் ஒருவர் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போகிறார். பத்து. யூமெய் ஏறினால் ஒன்பது. மற்றவர்கள் ஒருவரும் இந்தத் தவணை ஏறமாட்டார்கள்.

வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "உனக்கென்ன விசரே? ஒராளை ஒரு தவணை கூட வைச்சிருந்தா உலகம் அழிஞ்சிடுமே? செப்ரெம்பர்லயும் கோர்ஸ் வரும்தானே" என்றார். சொதியைச் சூடாக்க எழும்பிப் போனேன். யாராவது அப்படிச் சொல்லட்டும் என்றுதான் அந்தக் கதையையே எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

சோதனை. வாசிப்பு, எழுத்து இரண்டிலும் யூ. சுகமாகத் தாண்டிவிட்டாள். பேச்சுக்கு நான் போடுவதுதான் புள்ளி. சரிபார்க்க இரண்டாம் கண் கிடையாது.

பன்னிரண்டு நிமிடம் பேக்கரியைப் பற்றிக் கதைத்தாள். மா முடிந்ததும் தான் கடைக்கு ஓடியது, முதலாளியின் தம்பி பக்கத்துக் கடை நடத்துவது, மெஷின் ஓடும் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காதது. ரன்னை நாலு இடத்தில் போட்டாள், நாலும் சரி. சாயம் போன சட்டைப் படத்தைக் காட்டியபோது மட்டும் முழித்தாள். அந்த ஒன்றுதான்.

நான் எழுதியது: "பல பொருள் உள்ள சொற்களில் தடுமாற்றம். மூன்றாம் லெவலில் தொடர வேண்டும்."

நல்ல வடிவான கையெழுத்து.

மார்ச் 7, வெள்ளி

வகுப்பு இல்லை. கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டு எடுக்கவில்லை. என்னத்தைக் கேட்கிறது?

வரும் வழியில் பிளாசாவில் ஒரு மனிசி மற்றவளிடம்: "மனச்சாட்சி எண்டு ஒண்டு இருந்தா உப்பிடிச் செய்வாளே?" யாரோ சீட்டுக்காரியைப் பற்றிய கதை. நான் அந்த இடத்தைவிட்டுக் கெதியாக நடந்தேன்.

மார்ச் 10, திங்கள்

நேற்று மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியதால் எல்லோருக்கும் நித்திரைக் கலக்கம். பாதிப் பேர் கொட்டாவி.

ரிப்போர்ட் கொடுத்தேன். யூ. வாசித்தாள். இரண்டாம் தரமும் விரல் வைத்து வாசித்தாள். எழும்பி, தலையைக் குனிந்து, "நன்றி ரீச்சர். என்ர படிப்புக் காணாது. இன்னும் படிக்கிறன்" என்றாள்.

ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. எங்கட சனம் என்றால் இதற்குள் ஷெறிலுக்கு மூன்று போன் கோல் போயிருக்கும், ஒரு மச்சான் நேரேயே வந்து நின்றிருப்பான். இவர்களுக்கு ரீச்சர் போட்ட புள்ளியைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. அது எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய மரியாதையை நம்பித்தான் அப்படி எழுதினேன்.

பின்னேரம் மகள் அபியிடம் வாய்விட்டுவிட்டேன். பெயருக்குத்தான் மகள், ஜட்ஜ் மாதிரி நிமிர்ந்து இருந்தாள். "அம்மா, தட்ஸ் நொட் ஓகே. லைக், அற் ஓல்." பிறகு தமிழில், கவனமாக: "நீங்க அவவின்ர லைஃபை எடுத்து உங்கட ஜொப்புக்கு முட்டுக்கொடுத்திருக்கிறீங்க." இந்தத் தமிழ் எங்கே படித்தாளோ. கோபத்தில் அவளைக் கோப்பை கழுவச் சொன்னேன்.

மார்ச் 12, புதன்

யூ. வரவில்லை. ஒரு வருடத்தில் முதல் தரம்.

காலியாக இருந்த கதிரையைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு: ஐயோ, ஒன்பது. இரண்டாவதாகத்தான்: அவளுக்கு என்னவோ? இந்த ஒழுங்கிலேயே எழுதிவைக்கிறேன். பிறகு நானே மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

தலையிடி. பிளேன்ரீ மூன்று.

மார்ச் 17, திங்கள்

வெயில். ஜக்கெற் திறந்து நடந்தேன்.

யூ. வந்தாள். கையில் ஒரு கொப்பி. மட்டைக்கு உறை போட்டு, உள்ளே சிவப்புக் கோடு அடித்து, ரன்னின் பொருள்கள், இலக்கம் போட்டு, எழுபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் சீன எழுத்து, ஒரு இங்கிலீஷ் வசனம், எங்கே கேட்டாள் என்ற குறிப்பு. பஸ் டிரைவரைக் கேட்டிருக்கிறாள். பேக்கரிக்கு வந்த கிழவரைக் கேட்டிருக்கிறாள். காலுறையில் நூல் விட்டுப்போவதும் ரன்தானாம். எனக்கே அது நினைவில் இல்லை. சாயம் போன சட்டைக்கு மட்டும் படம் கீறி, நீலக் கலர் அடித்திருக்கிறாள்.

எல்லோருக்கும் போட்டோக்கொப்பி எடுத்து வேறு கொண்டுவந்தாள். வகுப்பே சுற்றி நின்று பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டேன், இழுக்கத் தேவை இல்லாத திரைச்சீலையை.

இதோடு முடியவில்லை. பின்னால் இரண்டு பெண்கள். பேக்கரியில் இவளோடு வேலை செய்கிறவர்கள். மற்ற இடங்களில் எல்லோரையும் சும்மா பாஸ் பண்ணிவிடுகிறார்களாம். "இந்த ரீச்சர் கண்டிப்பு. ஒரு சொல் பிழைச்சாலும் விடமாட்டா. நல்ல ரீச்சர்." அப்படிச் சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறாள். இரண்டு பேரும் பெயர் பதிந்துவிட்டார்கள்.

ஊருக்குப் போகிறவரை விட்டாலும் இடாப்பில் பன்னிரண்டு. ஷெறில் கதவடியில் நின்று கட்டைவிரல் காட்டினாள்.

ரொயிலெற்றுக்குள் போய் அழுதேன். என் பொய்க்கு அவள் ஆள் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

மழைத்தூறல். எட்டரைக்கே ஷெறிலின் அறையில்.

யூமெய்யின் புள்ளியை மாற்ற வேண்டும் என்றேன். காரணம் எழுதவேண்டும் என்று ஒரு படிவத்தைத் தள்ளினாள். "படிப்பித்தவரின் தவறு" என்று எழுதினேன். அவள் வாசித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளங்கியிருக்கும். அவளும்தானே அந்தப் பத்துப் பேர் கணக்கைச் சொன்னவள். கையெழுத்து வைத்தாள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரலாம் என்றாள். வரட்டும்.

பின்னேரத்துக்குள் சேர்ட்டிபிகேற் அச்சடித்துத் தந்துவிட்டாள். 28க்கு இன்னும் பத்து நாள்.

அங்கிருந்து வெளிக்கிடும்போது மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. பிறகு பஸ்ஸில் இருந்து யோசித்தேன். பத்துப் பேராகவே இருந்திருந்தால் போயிருப்பேனா? பன்னிரண்டான பிறகு நல்லவளாக இருப்பதில் எனக்கு என்ன நட்டம்? லேசு போய்விட்டது.

மார்ச் 19, புதன்

காற்று. குடை மடிந்துபோனது, எறிந்துவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் யூ.வை நிற்கச் சொல்லி, கவரைக் கொடுத்தேன். பாஸ் என்றேன். திறந்து பார்த்தாள். முகம் மலரும் என்று நினைத்தேன். சிவந்துபோனது.

கவரை மேசையில் வைத்து இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினாள். "வேண்டாம் ரீச்சர். நான் ரெண்டு பேரைக் கூட்டியந்தன். அதுக்காக நீங்கள் தாறியள். இது சரியில்லை. நான் அதுக்காகக் கூட்டியரேல்லை."

உபகாரத்துக்குப் பதில் உபகாரம் என்று எடுத்துவிட்டாள். வெட்கத்தில் கழுத்து வரைக்கும் சிவப்பு. என் குற்றத்துக்கு அவள் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறாள்! அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். மூன்றாம் லெவல் இங்கிலீஷில், நான் படிப்பித்த சொற்களை வைத்தே, சின்னச் சின்ன வசனமாக. நீ சோதனை நாளே பாஸ். நான் பொய் எழுதினேன். நீ போனால் ஒன்பது பேர். ஒன்பது பேர் என்றால் எனக்கு வேலை இல்லை. பயந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஒவ்வொரு வசனமும் அவளுக்கு விளங்கியது. ஏதாவது ஒன்றாவது விளங்காமல் போகாதா என்று எனக்கு ஒரு ஆசை வந்தது, அந்த நேரத்திலும்.

கதிரையில் இருந்தாள். மா குழைத்து வீங்கிய மணிக்கட்டை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே யாரோ வாசல் கூட்டினார்கள்.

"போன புதன் மகன் வீட்டை போனனான்" என்றாள். "நீ சொன்னது சரி, எனக்கு மூளை காணாது, இந்த வயசில படிப்பு வராது எண்டு அவனிட்டச் சொன்னன். வாற மாதம் வந்து பிள்ளையளைப் பாக்கிறன் எண்டும் சொல்லிப்போட்டன். அவன் சந்தோசப்பட்டான். மருமகளுக்கு முன்னால சொன்னனான் ரீச்சர்."

கோர்ஸைப் பற்றி மட்டும்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தன்னை முட்டாள் என்று தன் வாயாலேயே மகனிடம் சொல்லவைத்திருக்கிறேன்.

நானே மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரவா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று. கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து நம்பர் எழுதினாள். "நீங்கள் சொல்லுங்கோ. வாயால. நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு. நான் அங்க நிப்பன்."

கவரை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நன்றி சொல்லவில்லை. நல்லது.

மார்ச் 20, வியாழன்

மேகமூட்டம். யூ. வகுப்புக்கு வரவில்லை. புதிதாக வந்த இரண்டு பேரும் முன்வரிசையில், பென்சில் சீவிக்கொண்டு. என்ன படிப்பித்தேன் என்று நினைவில்லை.

சமைக்கவில்லை. ஐந்தரையிலிருந்து குசினிக் கதிரையில் அந்தத் தாளோடு. "கதைச்சு முடிச்சா போச்சு, உதுக்கேன் உப்பிடி நடுங்கிறாய்?" என்றார் இவர். ஏதோ யோசித்துவிட்டு வானொலியை நிறுத்தினார். அபி மேலேயிருந்து இறங்கி வந்து படியில் இருந்தாள்.

ஆறு மணிக்குப் போன் எடுத்தேன். மகன்தான். "உங்கட அம்மாவின்ர ரீச்சர்" என்றதும், "அம்மா ஏதும் பிழை விட்டுட்டாவோ?" என்று கேட்டான்.

இல்லை, பிழை விட்டது நான் என்றேன். சொன்னேன். உங்கள் அம்மா பாஸ், சோதனை நாளே பாஸ், என் வேலையைக் காப்பாற்ற நான் பொய் எழுதினேன், அவவுக்கு மூளை காணாது என்பது என் பொய்யிலிருந்து வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை எதையோ தட்டும் சத்தம் மட்டும்.

"பொறுங்கோ, ஸ்பீக்கரில போடுறன். என்ர மனிசியும் கேக்கவேணும். திரும்பச் சொல்லுங்கோ."

திரும்பச் சொன்னேன். சீனத்தில் ஏதோ சளசளவென்று கதைத்தார்கள். பிறகு தள்ளியிருந்து யூமெய்யின் குரல், இங்கிலீஷில், பதறாமல்:

"கெதியாச் சொல்லுறியள் ரீச்சர். மெதுவா. இன்னொருக்கா."

மூன்றாம் தரம், மெதுவாகச் சொன்னேன்.