இன்னும் என்ன சாமான் வேண்டும்

தாவோயுவான்,
டிசம்பர் 9

அன்பு மகள் பெய்ரோங்குக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும், மழை வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற என் இடது முழங்காலும் ஒருவாறு நன்றாகவே இருக்கிறோம். அங்கே மாண்ட்ரியலில் நீயும், பனி விழுந்தால் உடனே அடைத்துக்கொள்கிற உன் மூக்கும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. இதையெல்லாம் போனிலேயே அனுப்பியிருக்கலாம்தான். அனுப்பினால் நீ படித்துவிட்டாய் என்று ஒரு குறி வரும், பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற கரடி ஒன்று வரும், அதோடு முடிந்தது. கரடிக்கு நான் என்ன பதில் சொல்வது? அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நீ படித்தாயா இல்லையா என்று உடனே தெரியாது, அதுவே எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. உன் சித்தி தைனானிலிருந்து ஒரு பெட்டி பால்கெண்டை மீன் அனுப்பியிருந்தாள், ஒற்றை ஆள் ஒரு பெட்டி மீனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பாதியை ஆ-தியானிடம் கொடுத்தேன். பேக்டரியில் எனக்குப் பக்கத்து மேசையில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தானே, அதே ஆ-தியான்தான், அவனும் ரிட்டயர் ஆகிவிட்டான், வாரம் இரண்டு தடவை வந்து என் டீயைக் குடித்துவிட்டு என்னையே குறை சொல்லிவிட்டுப் போவான். அவன் வராத நாட்களில் நான் பேசுகிற ஒரே ஆள் கீழே கடையில் கல்லாவில் நிற்கிற பெண், அவளும் பை வேண்டுமா என்று மட்டும்தான் கேட்பாள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. போன சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின நாள் சாப்பாட்டுக்கு, மேசையிலேயே சூப் கொதிக்கிற அந்த ஹாட்பாட் கடைக்குத்தான் போனேன். எத்தனை பேர் என்று கேட்டார்கள், குடும்பமாகக் கூடிச் சாப்பிடுகிற அன்றைக்கு ஒற்றை ஆளுக்கு மேசை தரமாட்டார்கள் என்று தெரியும், "ரெண்டு பேரு, பொண்ணு வந்துக்கிட்டே இருக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர்களும் இரண்டு கிண்ணம் வைத்தார்கள். நான் வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு, உன் ரயில் தாமதம் என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நிலாப் பண்டிகை அன்று நீ போனில் பேசினபோது சொன்னது நினைவிருக்கிறதா? இந்தப் புத்தாண்டுக்காவது வா என்றேன். "வரலாம்ப்பா, ஒரு மாசம் கூட இருக்கலாம், ஆனா அங்கேருந்து நான் எப்படி வேலை பாக்கறது? நம்ம வீட்டு ஓட்டைக் கம்ப்யூட்டர் கேமுக்கு நான் வரையற மலையைத் திறந்தாலே மூச்சு வாங்கிச் செத்துடும், பெரிய கேம் ஓடற மெஷின் வேணும்ப்பா" என்று சொன்னாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டேன்.

உன் அம்மாவும் நானும் இருபத்தாறு வருடம் மதர்போர்டு செய்தவர்கள். அவள் பாகங்களைப் பொருத்துவாள், கடைசியில் என் மேசைக்கு வரும், நான் உயிர் கொடுத்துப் பார்த்து முத்திரை குத்துவேன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் விளையாடுகிற மெஷினில் என் முத்திரை இருக்கும், நம் வீட்டில் ஒன்றுகூட இருந்ததில்லை. ஆகவே எனக்குத் தெரியாத கம்ப்யூட்டரா என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு ரயிலேறித் தைபேய்க்குப் போனேன், குவாங்ஹுவா சந்தையில் இரண்டாம் மாடியில் யென்-லிங் என்கிற பெண்ணின் கடை, நாற்பத்தைந்து வயது இருக்கும், வாய் மட்டும் கத்தி. என் பட்டியலைக் கொடுத்தேன். இருப்பதிலேயே உயர்ந்த போர்டு, பத்து வருடம் உழைக்கிற பவர் சப்ளை, நல்ல ரேம் நான்கு குச்சி, கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் சின்னது, படம் காட்டுகிற வேலைதானே அதற்கு என்று. அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பெரியவரே, தெருவை மறிச்சுப் பந்தல் போட்டு அம்பது மேசை விருந்துக்கு ஏற்பாடு பண்ணிட்டு, சமையல்காரனைக் கூப்பிட மறந்துட்டீங்களே" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போர்டு நன்றாக இருந்தால் மெஷின் நன்றாக இருக்கும் அம்மா, நான் அதிலேயே கிடந்தவன் என்றேன். "போர்டு தரை மாதிரி, தரை நல்லாதான் இருக்கணும், ஆனா உங்க பொண்ணு வரையற மலையைத் தூக்கி நிறுத்தறது கார்டுதான், அதுல கை வைக்காதீங்க" என்றாள். கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை திரும்பப் போனேன், எனக்கும் சனிக்கிழமை போக வேறு இடமில்லை.

அப்படி நான்கு சனிக்கிழமை. ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு சாமான்தான் வாங்கினேன், மொத்தமாக எடுத்தால் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை. ஏன் என்று உனக்குப் புரியும். அவள் மீட்பால் சூப் வாங்கி வைத்திருப்பாள், இன்னொரு நாற்காலியைத் தூசி தட்டிப் போடுவாள், பிராசஸருக்குத் தண்ணீரில் குளிர்விப்பதா காற்றில் குளிர்விப்பதா என்று ஒரு மணி நேரம் சண்டை போடுவோம். காற்றுதான் என்று நான் நின்றேன், தண்ணீர் என்றைக்காவது ஒழுகும், நீ இல்லாத நேரத்தில் ஒழுகினால் நான் என்ன செய்வேன். கார்டு விஷயத்தில் அவள் ஜெயித்தாள். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், இவ்வளவு பெரிய கார்டை நான் இதுவரை கையில் தூக்கியதே இல்லை. அதனால் நான் முதலில் எடுத்த ஒல்லிக் கேபினட்டை மாற்றி அகலமானது எடுக்கவேண்டியதாயிற்று, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. இதென்ன கோயில் திருவிழாவா என்று கேட்டேன். பிடிக்கவில்லை என்றால் அணைத்துக்கொள்ளலாம் என்றாள். இதுவரை அணைக்கவில்லை. சாயங்காலம் நடந்துவிட்டு வரும்போது தெருவிலிருந்தே உன் அறை ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது.

உன் அறை மேசையில் வைத்து நானே பூட்டினேன், ஒரு திருகு மிச்சமில்லாமல். கடைசியில் பச்சைப் பை. உன் அம்மா பேக்டரியில் புதிதாகச் சேர்கிற பெண்களுக்கெல்லாம் பாடம் எடுப்பாளே, மெஷின் சொன்னபடி கேட்கணும்னா அதன் மேல் தேங்காய் வாசனைச் சோளப்பொரிப் பை வைக்கணும், பச்சைதான் வைக்கணும், மஞ்சளும் சிவப்பும் வைத்தால் மெஷின் முரண்டு பிடிக்கும், பிரிக்கக்கூடாது, தேதி தாண்டவிடக்கூடாது என்று. வீட்டில் சோறு வேகிற குக்கர் மேலேகூட வைத்தவள். பழைய கம்ப்யூட்டர் மேல் அவள் கடைசியாக வைத்த பை அப்படியே இருந்தது, மறக்காமலிருக்கத் தடித்த கறுப்புப் பேனாவால் அவளே பெரிதாகத் தேதி எழுதியது, மூன்றாம் மாதம் பதினேழு. அந்தத் தேதி வருமுன்னே அவள் போய்விட்டாள், மாற்றி வைக்க ஆளில்லை, எனக்கு மனமில்லை. அதையே எடுத்துப் புது மெஷின் மேல் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது, விளக்கெல்லாம் எரிந்தது, திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

மூன்று நாள். பிரித்துப் பூட்டினேன், ரேமை மாற்றிச் செருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆ-தியான் வந்து மெஷினைப் பார்க்கவேயில்லை, பையைத்தான் பார்த்தான். "ஏண்டா, ரெண்டு வருஷம் முந்தி செத்த பையை வெச்சா மெஷின் கோவிச்சுக்காம என்ன செய்யும், இதுக்கே லைன்ல எத்தனை பேரை நீ திட்டியிருக்கே" என்று கையை நீட்டினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். தட்டினது கொஞ்சம் பலமாகிவிட்டது போலிருக்கிறது, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று முழுக்க எனக்குப் பயமாக இருந்தது மகளே, உண்மையாகவே சொல்கிறேன். அந்தப் பையைத் தூக்கினால்தான் மெஷின் ஓடும், மெஷின் ஓடினால்தான் நீ வருவாய் என்றால் நான் எதைச் செய்வது?

கடைசியில் யென்-லிங்கிடம் போனில் வீடியோவில் காட்டினேன். பின்பக்கம் திருப்புங்கள் என்றாள். திருப்பினேன். இரண்டு நிமிடம் விழுந்து விழுந்து சிரித்தாள். "பெரியவரே, திரை வயரை போர்டுலயா சொருகி வெச்சிருக்கீங்க? இவ்ளோ பெரிய கார்டு எதுக்கு, அழகுக்கா?" என்றாள். இருபத்தாறு வருடம் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான போர்டில் திரை வயரைச் செருகிய கை, அதுவாகப் போய்ப் பழைய இடத்திலேயே செருகியிருக்கிறது, நான் பார்க்கவேயில்லை. கார்டில் மாற்றிச் செருகினேன், திரை பளிச்சென்று வந்தது. வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், உன் அம்மா பை மேல் குற்றமில்லை என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆ-தியானிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், மீதி மீனையும் கொடுத்தேன்.

மெஷின் தாங்குகிறதா என்று டெஸ்ட் செய்யாமல் நான் விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். போன வருடம் வந்ததே, நீ மலை வரைந்த கேம், அதை யென்-லிங் ஏற்றிக் கொடுத்து, படத்தின் தெளிவையெல்லாம் உச்சத்தில் வைத்து, எந்தப் பட்டனை அமுக்கினால் நடக்கும் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். மூன்று தடவை ஆற்றில் விழுந்து செத்தேன். யாரையும் சுடவில்லை, எதிரே வந்தவர்களையெல்லாம் தவிர்த்துவிட்டு உன் மலையில் நடந்துகொண்டே இருந்தேன், புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடுகிறது. மேலே ஒரு தகரக் கொட்டகை, உள்ளே பழைய ஜெனரேட்டர், அதன் மேல் ஒரு பச்சைப் பை. பெய்ரோங், அந்தக் குளிர் தேசத்து மலையில் அதற்கு என்ன வேலை? கிட்டே போனேன், இன்னும் கிட்டே போனேன். தடித்த கறுப்புப் பேனாவில் மூன்றாம் மாதம் பதினேழு. ஏழுக்குக் குறுக்கே உன் அம்மா போடுகிற அந்தக் கோடுகூட இருந்தது. தலையைத் தூக்கினால் மெஷின் மேல் அதே பை, அதே கோடு. டெஸ்ட் செய்கிறவன் புத்தி சும்மா இருக்குமா, தெளிவையெல்லாம் குறைத்து வைத்துப் பார்த்தேன், பை வெறும் பச்சைக் கறையாகிவிட்டது, எழுத்தே இல்லை. நான் முதலில் கேட்ட சின்ன கார்டை வாங்கியிருந்தால் இதைக் கடைசிவரை பார்த்திருக்கமாட்டேன்.

அம்மா காரியத்துக்கு வந்து நீ ஒன்பது நாள் இருந்தாய். ஒன்பது நாளும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாய், அழக்கூட இல்லை என்று இரண்டு வருடமாக உன் மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. சித்தியிடமும் சொல்லியிருக்கிறேன். தப்பு. அந்தப் பையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று இப்போது தெரிகிறது. புதுப் பை ஒன்று வாங்கிப் பழையதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், தேதி எழுதவில்லை, அது நீ எழுதவேண்டியது, பேனாவும் அங்கேயே இருக்கிறது.

இன்னொன்றும் எனக்குப் புரியாமலில்லை. மெஷின் இல்லை என்று அன்று நீ சொன்னது சும்மா சொன்னதாகக்கூட இருக்கலாம். அம்மா இல்லாத வீட்டுக்குள் வரக் கால் வராமல் சொல்லியிருக்கலாம். எனக்கே சில நாள் கதவைத் திறக்கப் பிடிப்பதில்லை, உன்னை நான் என்ன சொல்ல? அப்படியென்றால் வரமாட்டேன் என்று மட்டும் எழுதாதே. மெஷினில் இன்னும் ஒரு சாமான் குறைகிறது என்று எழுது. எந்தச் சாமான் என்றாலும் சரி, சனிக்கிழமை போய் வாங்கி மாட்டி வைக்கிறேன். அதற்குப் பிறகும் குறைகிறது என்று எழுது, அதையும் வாங்குகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், காதை மூடாமல் வெளியே போகாதே, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ தொட்டதெல்லாம் நல்லபடி நடந்து, நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும் என்று அம்மா படத்துக்குத் தினமும் ஊதுபத்தி வைக்கும்போது சொல்கிறேன். மறந்துவிடாதே, பிப்ரவரியில் அதே ஹாட்பாட் கடையில் மேசை சொல்லிவிட்டேன். எத்தனை பேர் என்று கேட்டார்கள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா