கீழ் ஊரின் தண்ணீர்

ஜூலை 18, வெள்ளி

காலையிலிருந்து ஆடிக்காற்று. பட்டறைத் தகரம் இரண்டு முறை தூக்கியது. ஆணி வாங்க வேண்டும். சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஒன்று, உள்ளே செம்புக் கம்பிக் காயில் கருகி வந்திருக்கிறது. திங்களுக்குள் சுற்றித் தர வேண்டும்.

மச்சினன் செந்தில் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அவனுடைய லேத் பட்டறையை மூடி எட்டு மாதம். இந்தச் சிரிப்பைப் பார்த்தும் எட்டு மாதம். என்னை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பிய அதே ஏஜென்ட் மறுபடி ஆள் எடுக்கிறாராம். இப்போது வேறொரு நாடு. அங்கேயும் வெளிநாட்டு ராணுவம் இறங்கியிருக்கிறது. ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு தோண்டி மோட்டார் இறக்கும் வேலை. நாட்டைத் திரும்பக் கட்டுகிறார்களாம்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க மச்சான். உங்க பேரச் சொன்னதும் அவரு எந்திரிச்சே நின்னுட்டாருங்க."

எந்திரிச்சு நின்றாராம். புளுகன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பேசுகிறேன் என்றேன். சரசு தம்பிக்காகக் கேசரி கிண்டினாள். எனக்கு ஒரே ஒரு ஸ்பூன்.

ஜூலை 19, சனி

ஒன்பது மணிக்கே கரண்ட் போச்சு. கணபதி ஏரியா முழுக்கவாம். வேலை ஓடவில்லை. பழைய பெட்டியைத் திறந்தேன். போட்டோக்கள்.

மல்பெரி மரத்தடியில் நான், கம்பளித் தொப்பியோடு. இளைத்து, பார்க்க லட்சணமாகக்கூட இருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் நஜீப். "சாப்பிட்டீங்களா" மட்டும் தமிழில் கற்றுக்கொண்டு, நடுச் சாப்பாட்டிலும் அதையே கேட்பான்.

பாபா. ஊரில் தண்ணீர் முறை பிரித்துக் கொடுக்கிற பெரியவர். பெயர் வாயில் நுழையாது, பாபா என்றே கூப்பிட்டேன்.

இரண்டு வருடம் அங்கே. அடுப்பிலிருந்து சுடச்சுட ரொட்டி. ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர். கொடியில் பழுத்த திராட்சை, வாயில் வைத்தால் தேன். பாபா வீட்டில் நல்ல மெத்தையை எனக்குப் போட்டுவிட்டு அவர் தரையில் உட்காருவார். அப்படி ஒரு உபசாரத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. கொங்குக்காரன் நான் சொல்கிறேன்! மனசு அடிக்கடி அங்கே போய்விடுகிறது.

ராணுவ அதிகாரிகளும் கெட்டவர்கள் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருவர். வருகிறவரெல்லாம் ஊரை முதலிலிருந்து சரிசெய்வார். ஒருவர் பள்ளிக்கூடம் கட்டினார், வாத்தியார் இல்லை. அடுத்தவர் வந்து அதற்குச் சுற்றுச்சுவர் கட்டினார்.

கடைசிப் போட்டோ, மோட்டார் ஓடிய நாள். தேங்காய் கிடைக்காமல் மாதுளம்பழம் உடைத்தேன். தண்ணீர் பீறிட்டதும் சிப்பாய்கள் கைதட்டினார்கள். பாபா மட்டும் ஓரத்தில், கைகட்டி. அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. பசியில்லை.

எழுதிவிடுகிறேன். மோட்டார் ஓடிய அன்று காலையே பாபா சொன்னார், நஜீப் மாற்றிச் சொன்னான்: "இந்தத் தண்ணீர் கீழ் ஊருடையது. மண்ணுக்கடியில் எங்கள் பாட்டன்கள் வெட்டிய கால்வாயில் போகிறது. இங்கே உறிஞ்சினால் அங்கே நின்றுவிடும்." அதிகாரி என் பக்கம் திரும்பி, ஏதாவது பிரச்சினை வருமா என்று கேட்டார்.

"நோ பிராப்ளம் சார்" என்றேன்.

எனக்குத் தெரியாதா? அன்னூர்ப் பக்கம் எங்கள் அப்பாவின் கிணறு எப்படி வற்றியது? பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் அடிக்குத் துளை போட்ட மறு வருடம். நான் நீச்சல் பழகிய கிணறு அது. தெரிந்தேதான் சொன்னேன். சுற்றிலும் துப்பாக்கி. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பாபாவும் இரண்டாம் முறை சொல்லவில்லை. அவருக்கும் அதே துப்பாக்கிதானே.

மூன்று மாதத்தில் கீழ் ஊர்க் கால்வாய் காய்ந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு ஊர்களும் வெட்டிக்கொண்டன. ராணுவம் மோட்டாருக்குக் காவல் போட்டது. பிறகு ராணுவமே கிளம்பியது, டீசல் நின்றது, மோட்டாரும் நின்றது. கால்வாய் அதற்குள் இடிந்திருந்தது. எல்லாம் நான் ஊர் திரும்பிய பின் நஜீப் போனில் சொன்னது. பாபா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. பயம்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும் என்பார்கள். வெளியூர்க்காரன் துப்பாக்கியோடு வந்து இழுத்தால் குடிசை மேல்தான் ஏறும். கயிறு பிடித்தவர்களில் நானும் ஒருவன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

மதியம் செந்தில் சாப்பிட வந்தான். அரிசிம்பருப்புச் சாதம், அப்பளம். சொல்லிவிட்டேன், இரண்டு பேரிடமும், கீழ் ஊர் காய்ந்த கதையை. செந்திலிடம், போக வேண்டாம் என்றும்.

சரசு கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, இத்தன வருசமா திராட்சைக் கதையத்தானுங்க சொன்னீங்க?"

ஆமாம். அதை மட்டும்தான் சொன்னேன். செந்தில் போக ஆசைப்பட்டதே அந்தக் கதைகளைக் கேட்டுத்தான்.

"நீங்க போயிட்டு வந்து ஊடு கட்டிப்போட்டீங்க. எனக்கு மட்டும் வேண்டாங்கறீங்களா?" என்றான். பாதித் தட்டில் கை கழுவினான்.

செருப்பு மாட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமலே: "நான் கேட்டுப்போட்டுத்தான் எறக்குவனுங்க மச்சான். தண்ணி ஆரோடதுன்னு. வேண்டாம்னா எறக்கமாட்டேன். அப்படியே ஏஜென்டுகிட்டச் சொல்லிப்போடுங்க."

ஜூலை 23, புதன்

தூறல். மோட்டார் சுற்றி முடித்தாயிற்று, இரண்டு நாள் தாமதம், திட்டு வாங்கினேன்.

பதினோரு மணிக்கு ஏஜென்டுக்குப் போன். பையன் லேத்தில் கெட்டி, காயில் சுற்றுவான், குடிக்கமாட்டான், என் மச்சினன் என்றேன். ரொம்ப சந்தோசம் என்றார். ஒரே ஒரு விசயம், ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டுத்தான் மோட்டார் இறக்குவான், அவர்கள் வேண்டாம் என்றால் இறக்கமாட்டான் என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

"அண்ணா, கேக்கறதுக்கெல்லாம் அங்க ராணுவம் இருக்குதுங்களே. நமக்கு எதும் பேசாம எறக்கற ஆளு போதுமுங்க. அன்னிக்கு நீங்க இருந்தீங்க பாருங்க, அந்த மாதிரி ஒரு ஆளு இருந்தாச் சொல்லுங்கண்ணா."

போனை வைத்துவிட்டேன். சரசு அடுப்படியிலிருந்து கேட்கிறாள், என்னங்க சொன்னாரு, என்னங்க சொன்னாரு என்று.