தரையில் ஊரும் மிஷின்

ஜூன் 3, செவ்வாய்

துணிக்கடை பேனர் திரும்பி வந்துவிட்டது. வெயிலில் ஓரம் முழுக்கப் பசை விட்டு, மடிப்பு பிரிந்து, பேனர் ரோட்டில் கிடந்ததாம். துணிக்கடைக்காரர் அதைச் சுருட்டக்கூட இல்லை. செத்த பாம்பை இழுத்து வருவதுபோல் இழுத்து வந்து வாசலில் போட்டார்.

சித்தப்பா நேராகப் பின் அறைக்கு வந்தார். இந்த பேனர் கடை அவருடையது. அங்கே இருப்பது நானும் அக்காவும்தான். கூடப் பிறந்த அக்கா இல்லை. நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே இந்த அறையில் பேனர் ஓரம் மடித்து ஒட்டுகிறவள்.

"ரெண்டு பேரும் கதை பேசிக்கிட்டே ஒட்டுனா இப்படித்தான் பல்லை இளிக்கும்."

கதை பேசுகிறோமாம்! ஜன்னல் இல்லாத அறையில் பசை டின்னைத் திறந்தால் வாயைத் திறக்க முடியாது. அக்கா இருமாமல் ஒரு பேச்சைப் பேசி முடித்து நான் கேட்டதில்லை. முன் அறையில் ஏசி இருக்கிறது. பிரிண்டிங் மிஷினுக்காக வைத்ததாம். அதை ஓட்டுகிறவருக்கும் சேர்த்துக் குளிர்கிறது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு, பட்டனைத் தட்டிவிட்டு, மேகத்துக்கு மேலே போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பைலட்.

மாலையில் சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டேன். "நீ வீட்டுப் பொண்ணும்மா" என்றார். திட்டும்போது முதலாளி, சம்பளம் கேட்டால் சித்தப்பா.

ஜூன் 5, வியாழன்

மைதானத்து ஆர்டர் வந்துவிட்டது. விளையாட்டு மைதானத்தைச் சுற்றிலும் கட்டுவதற்கு நீள நீளமான பேனர்கள். ஒரே நிபந்தனை: ஓரம் பசையில் ஒட்டியிருக்கக் கூடாது. சூடு வைத்து பேனர் ஷீட்டான வினைலையே உருக்கி, வினைலோடு வினைலாக ஒட்டியிருக்க வேண்டும். அதனால் கடைக்கு வெல்டிங் மிஷின் வரப்போகிறது.

சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் சித்தப்பா பைலட்டிடம் சொன்னது கதவு வழியே காதில் விழுந்தது. "மிஷின் வந்துட்டா ஓரத்துக்கு ஒரு ஆம்பளை ஆள் போதும். நீயே ஒரு ஆளைப் பாரு. உள்ள இருக்கிற ரெண்டையும் அப்புறம் பாத்துக்கலாம்."

ரெண்டு. அதில் ஒன்று அவர் கூடப் பிறந்த அண்ணன் பெற்றது.

அக்காவும் கேட்டாள். அவள் கையில் இருந்த பிரஷ் நிற்கவே இல்லை. அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். நான் இங்கே போனால் வேறு எங்கேயாவது போய் நிற்பேன். அவள்?

பசை வேலை என்றால் பொம்பளை வேலை. அதே வேலைக்கு ஒரு பிளக்கும் வயரும் வந்துவிட்டால் ஆம்பளை வேலை. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

ஜூன் 6, வெள்ளி

அவசரக் குடுக்கை நான். காலையிலேயே சித்தப்பாவிடம் போய், "வெல்டிங் எதுக்கு? கனமான தையல் மிஷின் வாங்குங்க. எனக்குத் தைக்கத் தெரியும், நானே பாத்துக்கறேன்" என்றேன். அளவு தெரியாத வீறாப்பு. பை தைக்கிற கடையில் ஒரு துண்டு வினைலை ஓரம் மடித்துத் தைத்தும் வந்தேன். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது.

சித்தப்பா ஒரு பக்கம், பைலட் ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ஊசி குத்திய ஓட்டை வரிசையிலேயே, காலண்டர் தாள் கிழிகிற மாதிரி, சர்ரென்று வந்துவிட்டது.

"டெய்லரம்மா, ரசீது போட்டுடலாமா?" என்றார் பைலட்.

தப்பு என்னுடையதுதான். தெரிந்த மிஷினுக்காகப் பேசினேன், பேனருக்காகப் பேசவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெரிய பேனர் கடையில் இருப்பது போலவே, சித்தப்பா மேசையோடு வரும் பெரிய வெல்டிங் மிஷினைத்தான் வாங்கப் போகிறார். அவர்களிடம் இருக்கிறது, நம்மிடமும் இருக்க வேண்டும் - வேறு காரணம் ஒன்றும் இல்லை. இன்று முழுக்க டேப்பை வைத்துச் சுவருக்குச் சுவர் அளந்தார். "கச்சிதமா உக்காருது பாரு!" என்று பைலட்டிடம் காட்டினார். சனிக்கிழமை மிஷின் கம்பெனி ஆள் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவாராம்.

எங்களைப் பசை டின்களை ஓரமாக அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினோம்.

ஜூன் 14, சனி

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மிஷினை இறக்கிப் பின் அறையில் வைத்தார்கள். கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது. பைலட் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கம்பெனி ஆள் ஒரு சின்ன பேனரை உள்ளே விட்டார். மிஷின் நின்ற இடத்தில் நிற்க, பேனர் அதற்குள் நுழைந்து ஓரம் ஒட்டி அந்தப் பக்கம் வந்தது. மறுப்பதற்கு ஒன்றும் இல்லை - அழகான வேலை. எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகுதான் மைதானத்து பேனர் ஒன்றைப் பார்த்தேன், சுருட்டிக் கிடந்தது. "இதை விட்டுப் பாருங்க" என்றேன்.

விட்டார்கள். ஓரம் ஒட்டி வெளியே வந்த முனை அறையைத் தாண்டியது. பைலட் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். முன் அறையைத் தாண்டினார். வாசலைத் தாண்டினார். மிஷின் விடவில்லை. "இன்னும் வருதுப்பா, போ, போ" என்று சித்தப்பா உள்ளேயிருந்து கத்துகிறார். பைலட் பேனரை ஏந்திக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறார். பஸ் டிரைவர் தலையை நீட்டி, "ஏம்ப்பா, ரோட்டுக்கே போர்வை போத்தப் போறியா?" என்று கேட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒதுங்கப் போன பைலட் ஒரு காலைச் சாக்கடையில் விட்டார்.

அக்கா சிரித்தாள். இருமல் வந்தது, அப்போதும் சிரித்தாள்.

"மிஷினுக்கு இடம் பாத்தீங்க சித்தப்பா. பேனருக்குப் பாக்கலியே" என்றேன். மிஷினுக்கு முன்னால் ஒரு பேனர் நீளம், பின்னால் ஒரு பேனர் நீளம் - அந்த இடம் பெரிய கடையில் இருக்கிறது. எங்களிடம் ரோடுதான் இருக்கிறது.

கம்பெனி ஆள் நல்ல மனுஷன். வண்டியில் இன்னொன்று இருப்பதாகச் சொன்னார். பேனர் தரையில் கிடக்கும். மிஷின் அதன் ஓரத்தில் தானாக ஊர்ந்து போகும். ஒட்டிய பாகத்தைச் சுருட்டிக்கொண்டே போனால் சின்ன அறை போதும். எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். சித்தப்பா அதை ஏற இறங்கப் பார்த்தார். "இஸ்திரிப் பெட்டியைக் கொண்டாந்து மிஷினுன்றீங்க?"

கெஞ்சி, இரண்டு நாள் வைத்துப் பார்க்கக் கேட்டு வாங்கினேன். பெரியது வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது.

ஜூன் 16, திங்கள்

காலையில் முதல் ஓட்டம் நான். சூட்டை அதிகம் வைத்துவிட்டேன். ஓரம் முழுக்கச் சுருங்கி, அழுது முடித்த குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது முறை சூட்டைக் குறைத்தேன். ஆறியதும் இரண்டு விரலில் பிரிந்து வந்துவிட்டது.

அப்புறம் அக்கா, "நீ மிஷினையே பாக்குற. மடிப்பைப் பாரு" என்றாள். மிஷினுக்கு முன்னால் முழங்காலிட்டு நகர்ந்துகொண்டே, மடிப்பை உள்ளங்கையால் அழுத்திக் கொடுத்தாள். நான் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்தேன். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் வந்ததும் அது வண்டு மாதிரி ரீங்காரம் போட்டபடி ஊர்ந்தது.

ஆறவைத்து இழுத்தோம். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை, காலை ஊன்றி. ஒட்டிய இடம் விடவே இல்லை. வினைலே கிழிந்து உள்ளே இருக்கும் நூல் வலை தெரிந்தது. நூல் தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது என்று அர்த்தமாம், கம்பெனி ஆள் சொல்லியிருந்தார். அந்த நூலைப் பார்த்து நாங்கள் போட்ட கூச்சலில் பைலட் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றுதான் எல்லாம் முடிவான நாள். நிதானமாக எழுத வேண்டும்.

சித்தப்பா அந்த ஊரும் மிஷினையே வாங்கினார். வேறு வழி? வெள்ளிக்கிழமை மைதானத்துக்குச் சரக்கு போயாக வேண்டும். வாங்கியவுடனே, "இதையும் நீயே பாத்துக்கோ" என்று பைலட்டிடம் சொன்னார்.

பைலட் தரையைப் பார்த்தார், தன் பேன்ட்டைப் பார்த்தார். "நானா? முட்டி போட்டுத் தவழவா? என்ன சார், என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? அதெல்லாம் அவங்களே செய்யட்டும். தரை வேலைதானே?"

மேசைமேல் இருந்தபோது உத்தியோகம், தரைக்கு வந்ததும் கூலி. அவர் வாயாலேயே அந்த வேலையை எங்களுக்குத் தந்துவிட்டார். முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

"சரி, நீங்களே ஓட்டுங்க. பழைய சம்பளம்தான். தரை வேலைதானே" என்றார் சித்தப்பா.

"மிஷின் ஓட்டுறவங்களுக்கு மிஷின் சம்பளம். பசை டின்னெல்லாம் இன்னிக்கே வெளிய போகணும்" என்றேன்.

"வீட்டுப் பொண்ணு பேசுற பேச்சா இது?"

"வீட்டுல பேசல. கடையில பேசுறேன்."

"உன்னை அனுப்பிட்டு அவளை மட்டும் வெச்சு ஓட்டத் தெரியாதா எனக்கு?" என்று அக்காவைக் காட்டினார். அவள் ஒப்புக்கொண்டால் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் வீடு அப்படி.

அக்கா எழுந்தாள். சுவருக்குப் போய் பிளக்கைப் பிடுங்கினாள். வயரை முழங்கையில் சுற்றினாள், ஒவ்வொரு சுற்றாக, அவசரமே இல்லாமல். மிஷினை அவர் காலடியில் வைத்தாள். "இந்தாங்க முதலாளி. ஓட்டுங்க" என்றாள்.

இருமவில்லை.

சித்தப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து யாரென்று பார்த்தார், பேசாமலே திரும்பப் பையில் போட்டார். மைதானத்துக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

"சரி. ரெண்டு பேருக்கும். வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க."

ஜூன் 18, புதன்

பசை டின்களை நானே தூக்கிப்போய்ப் போட்டேன். அறை அறை மாதிரி மணக்கிறது.

ஜூன் 30, திங்கள்

நேற்று ராட்சசக் காற்று. விடிந்ததும் மைதானத்துக்கு ஓடினோம். ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. நுழைவாயில் பக்கம் வேறு கடையில் செய்த பேனர்கள் கந்தலாகத் தொங்கின. எங்களுடையதில் ஒரு இடத்தில் கம்பமே வளைந்திருந்தது. ஓரம் அப்படியே இருந்தது. அக்கா ஒவ்வொரு பேனராகத் தொட்டுக்கொண்டே முழு மைதானத்தையும் சுற்றி வந்தாள். காவல்காரர், "யாரும்மா நீங்க, எதைத் தேடுறீங்க?" என்று கேட்டார். "எங்க வேலையைப் பாக்க வந்தோம்" என்றேன். அப்படிச் சொல்ல எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஜூலை 12, சனி

மதியம் பின்கதவைத் தட்டி மூன்று பெண்கள் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெரிய கடையில் ஓரம் மடித்துக் கொடுக்கிறவர்கள். அங்கே பெரிய மிஷினை ஓட்டுவது ஆண்கள். இவர்கள் மடித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் சொல்லாமல் வந்திருக்கிறார்கள்.

மிஷினைப் பார்க்க வந்தார்கள் என்று நினைத்து நான் சூடு, வேகம் என்றெல்லாம் ஆரம்பித்தேன். மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அப்புறம் அதில் மூத்தவள் கதவைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"சம்பளம் கூட்டிக் குடுத்தாங்களாமே. எப்படிக் கேட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தரையில் விரித்திருந்த பேனரை ஒதுக்கி அவர்களுக்கு இடம் பண்ணினாள். "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்ததும் முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல், சொல்ல ஆரம்பித்தாள்.